கேன்சல் கொடுத்தும் சாகாத சப்ஸ்கிரைபர்

கோத்தகிரிப் பக்கத்து டீ ஃபேக்டரி ஒன்றில், கொழுந்து வாடவைக்கும் தொட்டிகளின் வெப்பநிலையும் ஈரப்பதமும் 5 விநாடிக்கு ஒருமுறை ஊட்டி ஆபீஸ் திரைக்குப் போக வேண்டும். ஜாவா 9-இல் வந்த ஃப்ளோ இன்டர்ஃபேஸ்களும் (தரவை அனுப்புபவரும் வாங்குபவரும் பேசிக்கொள்ளும் முறை) கூடவே கிடைக்கும் சப்மிஷன்பப்ளிஷரும் (அனுப்பும் பக்கம்) இதற்குப் போதும். ஒவ்வொரு திரை இணைப்புக்கும் ரீடிங்கை வாங்க ஒரு சப்ஸ்கிரைபர். ரீடிங் வரவைப்பதில் சிரமமே இல்லை. நிறுத்துவதில்தான் எல்லா வம்பும்.

ஐப்பசி மழையில் இங்கே லைன் நிற்காது. மரம் விழுந்து கரன்ட் போகும். கரன்ட் வந்தால் நெட் வராது. இணைப்பு அறுந்து சுமார் 21 நிமிடத்தில் திரை உறைந்துவிடும், அதுவும் அறுந்த திரை மட்டுமல்ல, எல்லாத் திரையும். சென்சார் விற்றவரைக் கேட்டால் "சென்சார் நல்லாத்தான் இருக்கு, உங்க நெட்டைப் பாருங்க" என்று போனை வைத்துவிட்டார். 21 நிமிடக் கணக்குதான் துப்புக் கொடுத்தது: சப்மிஷன்பப்ளிஷரின் இயல்பான பஃபர் (வாங்கப்படாத ரீடிங்குகள் காத்திருக்கும் இடம்) 256, அதை 5-ஆல் பெருக்கினால் 1,280 விநாடி. அறுந்த இணைப்பின் பழைய சப்ஸ்கிரைபர் அடுத்த ரீடிங்கைக் கேட்காமல், போகவும் போகாமல் உட்கார்ந்திருக்கிறது. அதன் பஃபர் நிறைந்ததும், ரீடிங்கை அனுப்பும் சப்மிட் மெத்தட் அங்கேயே நின்றுவிடும். ஒருவருக்கு இடமில்லை என்றால் மற்ற யாருக்கும் கிடையாது. சப்மிட்டுக்குப் பதில், இடத்துக்காகக் காத்திராத ஆஃபர் போட்டால் உறைவது நிற்கும். ஆனால் செத்த சப்ஸ்கிரைபர்கள் குவிந்துகொண்டே போகும். அவற்றை விலக்கும் கேன்சல்தான் வழி.

"சப்ஸ்கிரிப்ஷனை ஒரு ஃபீல்டில் வைத்து, இணைப்பு போனதும் கேன்சலைக் கூப்பிடு" என்றுதான் பல உதாரண நிரல்களில் இருக்கும். (சப்ஸ்கிரிப்ஷன் என்பது பப்ளிஷரோடு உள்ள தொடர்பு; ரீடிங் கேட்கும் ரிக்வெஸ்ட், நிறுத்தும் கேன்சல் இரண்டும் அதில்தான்.) நம்பாதீர்கள். சப்ஸ்கிரிப்ஷனைக் கையில் தரும் ஆன்சப்ஸ்கிரைபை, சப்மிஷன்பப்ளிஷர் வேறு த்ரெடில் (இணையாக ஓடும் இழையில்) கூப்பிடுகிறது. அதற்கு முன்பே இணைப்பு போய்விட்டால் ஃபீல்டில் ஒன்றுமில்லை என்ற நல் (null) தான் இருக்கும், கேன்சல் செய்ய ஒன்றும் இருக்காது. பிறகு ஆன்சப்ஸ்கிரைப் சாவகாசமாக வந்து ரிக்வெஸ்ட் போடும். 'முடிந்துவிட்டதா' என்ற ஒரு பூலியனைப் (ஆம்/இல்லை மதிப்பைப்) பார்த்துவிட்டு அதற்கப்புறம் ஃபீல்டில் வைப்பதும் உதவாது. இரண்டுக்கும் நடுவில் கேன்சல் நுழைந்துவிடும்.

பிடித்து நின்றது அட்டாமிக்ரெஃபரன்ஸ்: பார்ப்பதையும் மாற்றுவதையும் நடுவில் யாரும் நுழையாமல் ஒரே செயலாகச் செய்யும். உள்ளே ஒன்றும் செய்யாத வெற்றுச் சப்ஸ்கிரிப்ஷன் ஒன்றை 'முடிந்தது' என்ற அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். கேன்சல் வந்தால் கெட்அண்ட்செட் மூலம் அந்த அடையாளத்தைப் போட்டு, கையில் வந்த பழையது உண்மையான சப்ஸ்கிரிப்ஷன் என்றால் அதை கேன்சல் செய்யுங்கள். ஆன்சப்ஸ்கிரைபில் நல் இருந்தால் மட்டும் புதியதை வைக்கும்படி கம்பேர்அண்ட்செட். தோற்றால் வந்த சப்ஸ்கிரிப்ஷனை அங்கேயே கேன்சல் செய்துவிட்டு ரிக்வெஸ்ட் போடாமல் திரும்புங்கள். இரண்டாவது ஆன்சப்ஸ்கிரைப் வந்தால் புதியதை கேன்சல் செய்ய வேண்டும் என்ற, ஃப்ளோவுக்கு அடிப்படையான ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ் விதியும் இதிலேயே அடங்கிவிடுகிறது.

கேன்சல் கொடுத்த நொடியில் எல்லாம் நிற்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஏற்கெனவே கேட்டுவைத்த ரீடிங்குகள் அதற்குப் பிறகும் வரலாம். விதியே அதை அனுமதிக்கிறது. ரிக்வெஸ்ட் 64 போட்டிருந்தால் 64 வரை வரக்கூடும், ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒன்றோடு போகும். ஒவ்வொரு ரீடிங்கையும் வாங்கும் ஆன்நெக்ஸ்டின் முதல் வரியிலேயே அடையாளத்தைப் பார்த்துத் திரும்பிவிடுங்கள். பாதி ஓடிக்கொண்டிருக்கும் ஆன்நெக்ஸ்டை கேன்சல் நம்பி நிறுத்த முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

திரைக்கான சாக்கெட்டை (நெட் இணைப்பை) மூடுவதை, எல்லாம் முடிந்ததும் வரும் ஆன்கம்ப்ளீட்டில் மட்டும் வைத்திருந்தால் அது நடக்காமலே போகலாம். கேன்சலுக்குப் பிறகு ஆன்கம்ப்ளீட்டோ பிழையைச் சொல்லும் ஆன்எரரோ வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. கேன்சல், ஆன்எரர், ஆன்கம்ப்ளீட் மூன்றும் அடையாளத்தைப் போட்டுப் பார்க்கட்டும்; முதலில் போட்டது எதுவோ அதுவே மூடட்டும். பின்னிரண்டில் மட்டும் சப்ஸ்கிரிப்ஷனின் எந்த மெத்தடையும் தொடக் கூடாது.

இதே வேலைக்கான ஆர்எக்ஸ்ஜாவா லைப்ரரிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டிஸ்போஸ் (அங்கே கேன்சல் போன்றது) செய்த பின் வரும் எரர், அன்டெலிவரபிள்எக்செப்ஷனாகப் பொது ஹேண்ட்லருக்குப் போகும். அதைப் பிடிக்காவிட்டால் ஆண்ட்ராய்டு ஆப் விழுந்துவிடும். ரியாக்டர் என்ற இன்னொரு லைப்ரரியில் பேஸ்சப்ஸ்கிரைபரின் ஹுக்ஃபைனலி கேன்சலிலும் ஓடும், அங்கே பாதித் தலைவலி குறைவு.

சோதிக்க மழைக்குக் காத்திருக்க வேண்டாம். கெட்நம்பர்ஆஃப்சப்ஸ்கிரைபர்ஸ் தரும் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையை லாகில் எழுதவிட்டு ரூட்டர் வயரைப் பிடுங்குங்கள். அறுந்த சாக்கெட்டை சர்வர் தானாகக் கவனிக்கச் சிலசமயம் வெகுநேரம் ஆகும். பிங் ('இருக்கிறாயா' என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பி, பதில் வராவிட்டால் கேன்சல் என்று வைத்தால்தான் அந்த எண் சட்டென்று இறங்கும்.