மூதூரிலிருந்து கோணேசர் வாசல் வரை

நேர்த்தி வைத்தது டித்வா புயல் நேரம். 2025 கார்த்திகையில் மாவிலாறு அணைக்கட்டு உடைந்து வெருகல், மூதூர்ப் பக்கமெல்லாம் வெள்ளம் என்று கேள்விப்பட்டபோது என் மகன் அங்கேதான் வயலுக்குப் போயிருந்தான். போன் வேலை செய்யவில்லை. விளக்கேற்றலாம் என்றால் நெருப்புக்குச்சி முழுவதும் நனைந்துவிட்டது. இருட்டிலேயே திருகோணமலைப் பக்கம் பார்த்து நின்று, "கோணேசப் பெருமானே, பிள்ளையைத் தா. மூதூரில இருந்து வெறுங்காலோட நடந்து வந்து உன்ர வாசலில விழுறன்" என்றேன். பிள்ளை வந்து சேர்ந்தான். விதைத்த நெல் ஒன்றும் மிஞ்சவில்லை, அது வேறு கதை.

தனியாக நடக்க வீட்டில் விடவில்லை. மாசியில் எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து காலநிலை நீதி கேட்டு மூதூரிலிருந்து நடக்கப்போகிறார்கள் என்று தங்கச்சி சொன்னாள். துணைக்கு ஆள் கிடைத்ததே என்றுதான் போனேன். கதிர்காம யாத்திரைக்காரர் வருஷாவருஷம் எங்கள் ஊரால் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் முன்னால் ஒரு பாதர், மௌலவி, ஹாமதுரு என்கிற புத்த பிக்கு, ஐயர் நான்கு பேரும் போக, பின்னால் தேவாரம் பாடிக்கொண்டு நடப்பேன் என்று நினைத்ததில்லை.

வழியில் சம்பூர் ஐயா ஒருவர் கூட வந்தார். 2006 இல் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி, பல வருஷம் முகாம்களில் இருந்து திரும்பியவர். அவருடைய ஊரில்தான் நிலக்கரி மின்நிலையம் கட்ட இருந்தார்கள். சனம் விடவில்லை, 2016 இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. "இப்ப அங்க சூரிய மின்சாரமாம் பிள்ளை. கரியை விட அது எவ்வளவோ மேல். எண்டாலும் போன காணி போனதுதான்" என்றார். பதாகை பிடித்தவர்களில் யாரும் அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை.

தார் ரோட்டு வெக்கையை என்னவென்று சொல்ல! பத்து மணிக்கே உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. கிண்ணியாவை அடையும்போது நொண்டிக்கொண்டுதான் வந்தேன். அது நோன்பு மாதம். எங்களுக்குத் தண்ணீர் நீட்டிய கைகள் எல்லாம் காலையிலிருந்து ஒரு மிடறும் குடிக்காத கைகள். பாங்கு சொன்னதும் கஞ்சிக் கோப்பை எங்களுக்கும் வந்தது. ஒரு லாத்தா, முஸ்லிம் அக்கா, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து மருந்து தடவினா. அவ வீட்டுக்குள்ளும் வெள்ளம் வந்ததாம். நேர்த்தி யாருக்கு என்று கேட்டா. "மகனுக்கு" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணைத் துடைத்தா. யாருடைய பிள்ளைக்கு யார் நன்றி சொல்வது!

இரவு பாதர் ஒரு கதை சொன்னார். பிலிப்பைன்ஸ் நாட்டு யெப் சான்யோ என்பவர் 2013 இல் வார்சோ காலநிலை மாநாட்டுக்குப் போனபோதுதான் ஹையான் புயல் அவருடைய நாட்டை அடித்தது. 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். தம்பி அங்கே கையால் பிரேதம் தூக்க, இவர் மாநாட்டில் அழுது, சாப்பாட்டை விட்டுவிட்டார். 2015 இல் வேறு சமயத்தவர்களோடும் சேர்ந்து ரோமிலிருந்து பாரிஸ் மாநாட்டுக்கு நடந்தாராம். எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. விரதம் இருந்து நடந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்த நாள் அந்த லாத்தாவும் நோன்போடு எங்களுடன் வந்தா. 2009 க்கு முன் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடந்த இடத்தைப் பாலத்தால் கடந்தோம். அவவுக்கு முன்னால் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கக் கூசியது. "குடிங்க தங்கச்சி, எனக்கு மஹ்ரிபு பாங்கு வரைக்கும் தவணை இருக்கு" என்று சிரித்தா. நடந்துகொண்டே பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் சொன்னார்: காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்குமாம், அதுதான் இப்படிக் கொட்டுகிறதாம். கரியும் எண்ணெயும் எரித்துச் சூடேற்றியவர்கள் எங்கேயோ, கொட்டியது எங்கள் தலையில்.

திருகோணமலைக் கோட்டை வாசலுக்கு வந்தால் சனம் நெரிகிறது. ஓட்டோக்காரர் நடக்கவிடாமல் "ஏறுங்க, ஏறுங்க" என்று பின்னாலேயே வருகிறார்கள். கால் பிளந்து வருகிறவளிடம் தொப்பி விற்கிறார் ஒருவர். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவில் செல்பி எடுக்கிற கூட்டம் விலகவே இல்லை. எட்டிப் பார்த்தால் பாறை இடுக்கில் பிளாஸ்டிக் போத்தல். கோபம் கோபமாக வந்தது. லாத்தா என் பையை வாங்கிக்கொண்டு வெளியே மரநிழலில் இருந்துவிட்டா.

உள்ளே போனேன். நன்றி சொல்லத்தான் வந்தேன். ஆனால் திரை விலகியதும் வாயில் வந்தது சண்டை. என் பிள்ளையைத் தந்தாய், இந்த நாட்டில் அந்தப் புயலில் போன 600க்கு மேற்பட்ட உயிர்களுக்கு என்ன சொல்கிறாய்? 1624 இல் போர்த்துக்கேயப் பறங்கியர் இடித்து, கடலுக்குள் போன கோவில் உன்னுடையது. வீடிழந்து நிற்பது உனக்குத் தெரியாததா? இப்படியெல்லாம் கேட்டேனே, கேட்கலாமா! தீபாராதனை காட்டினார்கள். கற்பூர ஒளியில் அந்த முகம்... கேட்டதெல்லாம் கரைந்துவிட்டது. மாதுமை அம்பாள் முன்னால் போய் அப்படியே இருந்துவிட்டேன். அம்மா, தாயே, தந்தாயே, தந்தாயே என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. யாரோ தோளைத் தட்டி எழுப்பினார்கள்.

வெளியே வரும்போது லாத்தா ஈச்சம்பழத்தால் நோன்பு திறந்திருந்தா. எனக்கும் ஒன்று வைத்திருந்தா. கோவில் வாழைப்பழம் கொடுத்தேன், சாப்பிட்டா. நாங்கள் நீதி கேட்டுக் கையெழுத்து வைத்த மனுவைக் கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், கொடுக்கப் பெரியவர்கள் நாளைக்குப் போவார்கள் என்றார்கள்.

அடுத்த நடை சம்பூர்ப் பத்திரகாளி வாசலில் தொடங்கவேண்டும் என்று அந்த ஐயா இப்போதே சொல்லிவிட்டார். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை நேர்த்தி ஒன்றும் இல்லை.