கணக்குப் புத்தகம் யார் கையில்

தன்னார்வ அமைப்பொன்றில் ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், இளைஞர் பங்கேற்பு என்ற தலைப்பில் நான் எழுதிய அறிக்கைகளை இன்று எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் குறித்திருக்கிறேன். வந்தவர்கள் எதைத் தீர்மானித்தார்கள் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுத எதுவும் இருக்கவில்லை. நாற்காலி போடுவதும் பதாகை கட்டுவதும் அவர்களுக்கு. எந்தப் பணியை எடுப்பது, எவ்வளவு செலவிடுவது என்பவை எங்களுக்கு.

1992இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில் ஆய்வாளர் ரோஜர் ஹார்ட், சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். பிறர் நோக்கத்துக்குப் பயன்படுத்துதல், அலங்காரத்துக்கு நிறுத்துதல், பெயரளவுக்குச் சேர்த்தல் ஆகிய கீழ்ப் படிகள் மூன்றும் பங்கேற்பே அல்ல என்பது அவர் கருத்து. எங்கள் இளைஞர்கள் சிறுவர்கள் அல்லர் என்றாலும், நாங்கள் அவர்களை நிறுத்தியிருந்தது இரண்டாம் படியில்தான்.

முதலில் மாற்றியது கூட்ட நேரத்தை. வார நாளில் முற்பகல் பதினொரு மணிக்குக் கூடிவிட்டு, படிப்பவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் ஆர்வம் காட்டுவதில்லை என்று வருந்திக்கொண்டிருந்தோம். அதை மாலைக்கு மாற்றியதும் வந்தார்கள். பேசவும் தொடங்கினார்கள்.

கடினமானது அடுத்த படி. மாலைநேரப் படிப்பகத்தின் வரவுசெலவை இளைஞர் குழுவிடமே ஒப்படைக்கலாம் என்று நான் முன்மொழிந்தபோது, மூத்த உறுப்பினர்கள் முகத்துக்கு நேரே மறுக்காவிட்டாலும் மனமுவந்து ஒப்பவில்லை. இரண்டாம் மாதமே சில ரசீதுகள் தொலைந்து கணக்கு இடித்தது. "இதற்குத்தான் அன்றே சொன்னேன்" என்றார் ஒருவர். எங்கள் கையிலும் ரசீதுகள் தொலைந்ததுண்டு. அப்போது யாரும் எங்கள் வயதைக் காரணம் காட்டியதில்லை. இதை அன்றைய கூட்டத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டேன்.

பொறுப்பைத் திரும்பப் பெறவில்லை என்ற அளவில் மட்டும் சரியாக நடந்துகொண்டேன். கணக்குப் பார்த்த பெண்ணே வழி கண்டார்: செலவை அன்றன்றே பதிவது, ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாசித்துக் காட்டுவது. அவ்வழக்கம் அமைப்பு முழுவதற்கும் வந்தபோது, தங்கள் செலவையும் வாசிக்க நேர்ந்த மூத்தவர்கள் சிலர் நெளிந்ததை மறைப்பதற்கில்லை.

இன்னொரு பிழை நான் செய்தது. படிப்பகத்தை ஒப்படைத்த கையோடு முற்றாக ஒதுங்கிக்கொண்டேன். அதுவே மரியாதை என நினைத்தேன். கட்டட உரிமையாளரிடம் பேசவும் அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதவும் தெரியாமல் அவர்கள் வாரக்கணக்கில் திணறியது பின்னரே தெரிந்தது. ஹார்டின் எட்டாம் படியும் பெரியவர்கள் விலகுவதைச் சொல்லவில்லை. இளையோர் தொடங்கியதில் பெரியவர்களும் சேர்ந்து முடிவெடுப்பதையே சொல்கிறது.

ஐக்கிய நாடுகள் அவை புள்ளிவிவரங்களுக்காக 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களை இளைஞர் எனக் கொள்கிறது. அதன் பாதுகாப்பு அவை 2015இல் நிறைவேற்றிய 2250ஆம் எண் தீர்மானத்தில் அது 18 முதல் 29 வரை. எப்படிக் கணக்கிட்டாலும் சில ஆண்டுகளில் கடந்துபோகும் பருவம் இது. கணக்குப் பார்த்த பெண்ணும் வேலை கிடைத்து வெளியூர் போனார். போகுமுன் மூன்று மாதம் இருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கினார். இப்போது எல்லாப் பொறுப்புக்கும் ஓர் இளையவரைத் துணையாக அமர்த்துகிறோம். கடிதத் தொடர்புக்கு மட்டும் இன்னும் ஆள் அமையவில்லை.