பாதிப் பேருக்கு மேல இப்படித்தான்

"அப்போ அம்மாவுக்கு டி.பி. மாத்திரையை நிறுத்திடலாமா சார்?" அம்மாவின் உடல் மருந்தை மெதுவாகத்தான் சிதைக்கும் என்று சொன்ன மரபணு ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மகள் கேட்டது இவ்வளவுதான்.

"வேண்டாம்மா. நம்ம பக்கம் பாதிப் பேருக்கு மேல இப்படித்தான். வாந்தி வந்தா உடனே வாங்க" என்றேன்.

சொன்னதில் பிழையில்லை. டி.பி. மருந்தான ஐசோனியசிட்டைச் சிதைக்கும் என்ஏடி2 நொதி மந்தமாக வேலை செய்பவர்கள் தென்னிந்தியர்களில் ஏறக்குறைய 60 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதமும் மாத்திரை சாப்பிட்டு நன்றாகவே இருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டும் தவறில்லை. என்ஏடி2 மரபணுவின் 590-ஆம் இடத்தில் ஜி என்ற எழுத்து இருந்தால், டிஎன்ஏவை வெட்டும் நொதியான டாக்-1 அங்கே வெட்டும். ஏ இருந்தால் வெட்டாது; அதுதான் மந்தத்தின் அடையாளம். டாக்-1 சரியாக வெட்டுவது 65 டிகிரியில். மற்ற நொதிகளோடு சேர்த்து 37-இல் வைத்துவிட்டால் வெட்டு அரைகுறையாகி, வேகமானவர்கூட மந்தமானவராகத் தெரிவார். அந்த அம்மாவின் துண்டு வெட்டுப்படாமல் நீளமாக நின்றது. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில், பக்கத்துக் குழியில் ஏற்றியிருந்த, விடை தெரிந்த மாதிரி முழுதாக வெட்டுப்பட்டிருந்தது. ஜெல்லை மூன்று முறை பார்த்தேன்.

வேகமானவர்களின் ரத்தத்தில் ஐசோனியசிட் ஒரு மணி நேரத்தில் பாதியாகும். மந்தமானவர்களுக்கு மூன்று மணி ஆகும். ஆனால் ஈரலைக் கெடுப்பதில் பெரும்பங்கு அது சிதைந்து வரும் அசிட்டைல் ஹைட்ரசினுக்கு. அதையும் என்ஏடி2தான் சாதுவாக்க வேண்டும். அது தாமதித்தால் சிஒய்பி2இ1 என்ற இன்னொரு நொதி கையில் எடுத்து நஞ்சாக்கிவிடுகிறது.

பன்னிரண்டாம் நாள் வாந்தி. நான்கு நாள் கழித்துத்தான் வந்தார்கள். ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி 236. வாந்தியோ மஞ்சள் காமாலையோ இருந்தால் இயல்பு உச்சத்தைப்போல மூன்று மடங்கிலேயே மருந்தை நிறுத்த வேண்டும். இது ஐந்து மடங்கையும் தாண்டிவிட்டது. "பாதிப் பேருக்கு இப்படித்தான்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள் மகள். நான் சொன்னது மரபணுவை. அவள் கேட்டுக்கொண்டது வாந்தியை.

கூடவே கொடுக்கும் டி.பி. மருந்தான பைரசினமைடும் ஈரலைத் தாக்கும். ரிஃபாம்பிசினும் தன் பங்குக்குச் சேரும். பழி முழுவதும் என்ஏடி2 மேல் இல்லை. இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ளும்போதே அந்த நான்கு நாள் முன்னால் வந்து நிற்கிறது.

அளவைக் குறைத்திருக்கலாமே என்பார்கள். ஜப்பானில் 2013-இல் வெளிவந்த ஆய்வில், மந்தமானவர்களுக்குக் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், அதாவது வழக்கத்தில் பாதி கொடுத்தார்கள். அவர்களில் யாருக்கும் ஐசோனியசிட்டால் ஈரல் கெடவில்லை. நம்முடையது நான்கு மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரை. 44 கிலோ அம்மாவுக்கு நாளுக்கு மூன்று, ஒவ்வொன்றிலும் ஐசோனியசிட் 75. அதை மட்டும் குறைக்க வழியில்லை. குறைக்க முடியாத இடத்தில் அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்ததே சரிதானா?

இப்போதெல்லாம் வாந்தியைத்தான் முதலில் சொல்கிறேன்; 60 சதவீதத்தை எடுப்பதே இல்லை. அப்படிச் சொல்லி அனுப்பிய ஒருவர், பயத்தில் மூன்றாம் வாரமே மாத்திரையை நிறுத்திவிட்டார். மறுபடி இருமல் முற்றிய பிறகுதான் வந்தார்.