ஒரு செயின் நீள உயிர்வேலி: முதல் குளிர்காலத்தின் குறிப்புகள்

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் நான் குடியிருக்கும் சிற்றூரில் ஒரு தேவாலயமும் ஒரு பப்பும் உண்டு. பால் வாங்க வேண்டுமென்றால் பக்கத்து ஊருக்குத்தான் போக வேண்டும். ஊரைச் சுற்றிலும் ஆடு மேயும் புல்வெளிகள், அவற்றைப் பிரிக்கும் உயிர்வேலிகள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களால் ஊர்ப்பொது நிலம் தனித்தனி வயல்களாக அடைக்கப்பட்டபோது இப்பகுதியில் ஏராளமான ஹாதார்ன் முள்வேலிகள் நடப்பட்டன. அதற்கு முன் ஊரார் ஏர் ஓட்டிய நீண்ட பட்டைகள், மாலை வெயில் சாய்வாக விழும்போது இன்றும் புல்லுக்கடியில் அலையலையாகத் தெரிகின்றன.

இந்த வேலிகளை வளரவிட்டால் செடி மரமாகி, அடிப்பகுதி வெறிச்சோடி, ஆட்டுக்குட்டிகள் தாராளமாக நுழைந்து வெளியேறும். டிராக்டரில் பொருத்திய இயந்திரத்தால் ஆண்டுதோறும் ஒரே உயரத்தில் நறுக்கிக்கொண்டே இருந்தாலும் நாளடைவில் கதி அதுதான். இதற்கான பழைய வைத்தியம், தண்டை அடியில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி, உயிரோடு சாய்த்துப் படுக்க வைப்பது. பக்கத்து வயலின் முதியவர் கற்றுத்தர இசைந்ததால், ஒரு செயின் நீளத்தை, அதாவது 22 கெஜத்தை, சென்ற நவம்பரில் தொடங்கினேன். இங்கே வேலி வேலையை இன்னும் அந்த அளவில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

கருவி பில்ஹூக்; நம் வெட்டரிவாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம். முதல் நாள் முழுவதும் வெட்டவே இல்லை. காய்ந்த கிளைகளையும் முட்கொடிகளையும் இழுத்தெடுப்பதிலேயே பொழுது போயிற்று. டிசம்பர் நெருங்கும்போது இங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடும். பிளாக்தார்ன் முள் தோல் கையுறையையும் துளைத்துவிடும். அது மூட்டருகே ஒடிந்து உள்ளே தங்கினால் வீக்கம் வாரக்கணக்கில் இறங்காது என்று முதியவர் எச்சரித்திருந்தார்; அதை நான் என் விரலிலேயே சோதித்துப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வாரம் வெட்டத் தொடங்கினேன். முதல் தண்டு நன்றாகவே படுத்தது. இரண்டாவது படீரென்று ஒடிந்து கையோடு வந்தது. குட்டையாகவும் செங்குத்தாகவும் வெட்டியதால், வளைய வேண்டிய இடம் தடித்த கட்டையாக நின்றுவிட்டது என்பதே காரணம். தரையிலிருந்து சற்று மேலே தொடங்கி, நீளவாக்கில் மெல்ல மெல்லச் சீவிக்கொண்டே இறங்கினால், கடைசியில் பட்டையும் அதையொட்டிய வெண்மரமும் சேர்ந்த ஒரு மெல்லிய நாக்கு மிஞ்சும். ஆளுயரத்தைவிட இரு மடங்கு வளர்ந்த மரத்துக்கு நீர் ஏறுவது இனி அந்த நாக்கின் வழியாகத்தான். இன்னும் ஒரு வெட்டு போட்டால் ஒடியுமோ, போடாவிட்டால் வளையாதோ என்ற தயக்கத்தில் கை நிற்கும் இடம்தான் இந்த வேலை முழுவதும் என்று எனக்குத் தோன்றுகிறது. உறைபனி கடுமையாக இருந்த காலைகளில் மரம் எளிதில் நொறுங்கியதால், பத்து மணி வரை, வேலியைத் தாங்க மண்ணில் அடிக்கும் முளைக்குச்சிகளைக் கூர் சீவிக்கொண்டிருந்தேன். கிளறிய மண்ணில் புழு தேடி ஒரு ராபின் குருவி என் காலடி வரை வந்து போகும்.

மிட்லண்ட்ஸ் எனப்படும் இந்த நடு இங்கிலாந்துப் பகுதியின் பாணியில் தண்டுகளைச் சாய்த்து அடுக்கி, 18 அங்குலத்துக்கு ஒன்றாக முளைக்குச்சி அடித்து, மேலே நீண்ட ஹேசல் கழிகளைக் கயிறு முறுக்குவதுபோல் பின்னிக் கட்டுகிறார்கள். முள்பரப்பு மாடு நிற்கும் பக்கம் இருக்கும். காளை உரசினாலும் தாங்க வேண்டுமே. என் பின்னல் முதல் ஐந்து கெஜத்துக்குப் பாம்பு ஊர்ந்ததுபோல் கிடக்கிறது. முதியவர் அதைப் பார்த்துவிட்டு, “ஆட்டுக்கு ரசனை கிடையாது” என்று மட்டும் சொன்னார்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலமென்பதால், பிப்ரவரிக் கடைசியில் அரிவாளைத் துடைத்து வைத்தேன். முடிந்தது 17 கெஜம். மீதி அடுத்த குளிர்காலத்துக்கு. ஏப்ரலில் போய்ப் பார்த்தபோது படுத்த தண்டுகளில் நான்கைத் தவிர மற்றவையெல்லாம் பச்சை விட்டிருந்தன. நான் ஒடித்துப்போட்ட அந்த இரண்டாவது தண்டின் அடிக்கட்டையிலிருந்தும் விரல் நீளத்தில் ஏழு துளிர்கள் கிளம்பியிருந்தன. முயல் கடிக்காதிருக்க அதைச் சுற்றிக் கம்பிவலை கட்டிவிட்டு வந்தேன்.