வால்வு ப்ரீஆம்ப்: கிட்டாரின் தொனியைச் சீர்ப்படுத்திய குறிப்புகள்

கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் நான் கட்டிய கிட்டார் ப்ரீஆம்பில் (கிட்டாரின் மெல்லிய சமிக்ஞையை முதலில் பெருக்கும் கருவி) இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வுகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் ஈசிசி83 என்று பெயர் பெற்றதும் இதே வால்வுதான். ஒவ்வொன்றினுள்ளும் இரண்டு டிரையோடுகள் (எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடு, அவற்றைக் கட்டுப்படுத்தும் கிரிட், அவற்றைப் பெறும் பிளேட் ஆகியவை கொண்ட பெருக்கிகள்) உண்டு என்பதால் நான்கு பெருக்கக் கட்டங்கள் கிடைக்கும். தொடக்கத்தில் மூன்றை மட்டும் பயன்படுத்தி, நான்காவதைச் சும்மா விட்டிருந்தேன். முதல் கட்டத்துக்கு அடுத்து ஃபெண்டர் பாணியில் டிரெபிள் (உயர் ஒலி), பேஸ் (தாழ் ஒலி), மிட் (நடு ஒலி) ஆகிய மூன்று குமிழ்களும், அவற்றுக்குப் பின் வால்யூமும் மற்ற இரு கட்டங்களும் வருகின்றன. இரைச்சல் அடங்கி, சுற்று நிலையாக வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் தொனியைக் கவனிக்க முடிந்தது.

மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் என் மச்சான் கேட்டவுடன் குறையைச் சொல்லிவிட்டார்: "தனியா வாசிச்சா நல்லாத்தான் இருக்கு மச்சான். பேஸ் கிட்டாரும் தபேலாவும் சேர்ந்தா அடிக்கம்பி ரெண்டும் ஒரே கொழகொழன்னு ஆயிடுது." பேஸ் குமிழை முழுவதும் குறைத்தாலும் அந்தக் கலங்கல் போகவில்லை என்பதும், குறைத்தால் தனி வாசிப்பு மெலிந்து போகிறது என்பதும் அவருடைய புகார்.

குமிழ்களை மேலும் திருகுவதற்கு முன் மின்னழுத்தங்களை அளந்தேன். தொனியைத் திருத்த விரும்பும் எவரும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; வால்வு சரியான நிலையில் இயங்காதபோது மின்தேக்கிகளை மாற்றி மாற்றிக் கேட்பது வீண். நான் வாங்கிய டிரான்ஸ்ஃபார்மரில் 220 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவரிலோ 240 வோல்ட் வருகிறது. அதனால் கேத்தோடைச் சூடாக்கும், 6.3 வோல்ட் இருக்க வேண்டிய ஹீட்டரில் 6.8 வோல்ட்டுக்கு மேல் நின்றது. இரண்டு வால்வுகளும் சேர்ந்து 0.6 ஆம்பியர் இழுப்பதால், ஹீட்டருக்குப் போகும் இரு கம்பிகளிலும் தலா 0.47 ஓம் மின்தடையைத் தொடராக இணைத்தேன், அளவு 6.3 வோல்ட்டுக்கு வந்துவிட்டது. முதல் கட்டத்தின் பிளேட்டில் 185 வோல்ட்டும், 1.5 கிலோஓம் கேத்தோடு மின்தடையின் குறுக்கே 1.4 வோல்ட்டும் காட்டின. 280 வோல்ட் வழங்கலில் 100 கிலோஓம் பிளேட் மின்தடை வைத்த கட்டத்துக்கு இது மிகவும் நல்ல நிலை. ஆகவே கோளாறு வால்வில் இல்லை.

கலங்கலின் வேர், கேத்தோடு மின்தடைக்கு இணையாகப் போடும் கேத்தோடு மின்தேக்கியில் இருந்தது. வழக்கப்படி 22 மைக்ரோஃபாரட் போட்டிருந்தேன். அந்த மதிப்பில், கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பியான 82 ஹெர்ட்ஸ் 'ஈ' உட்பட எல்லா அதிர்வெண்களும் முழுப் பெருக்கத்தையும், அதாவது ஏறக்குறைய 60 மடங்கைப் பெறுகின்றன. மின்தேக்கியையே எடுத்துவிட்டால் பெருக்கம் 32 மடங்கு அளவுக்கு இறங்கும். வித்தியாசம் 6 டெசிபெல்லுக்குச் சற்றுக் குறைவு. இந்த இரு எல்லைகளுக்கும் நடுவே, எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே பெருக்கம் குறைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மின்தேக்கியின் மதிப்புதான். கலங்கல் பின்னால் வரும் கட்டங்களில் உருவாகிறது. தாழ்ந்த ஒலிகள் அங்கே பெரிதாக நுழைந்து வால்வை நெருக்கும்போது மற்ற ஒலிகளும் அவற்றோடு சேர்ந்து சிதைகின்றன. எனவே தேவையில்லாத பேஸை முதல் கட்டத்திலேயே அளவாகக் குறைப்பதே நல்லது.

மார்ஷல் சுற்றுகளில் காணப்படும் 0.68 மைக்ரோஃபாரட்டை முதலில் வைத்துப் பார்த்தேன். 1.5 கிலோஓமுடன் சேரும்போது பேஸ் குறைவது 300 ஹெர்ட்ஸ் வாக்கில் தொடங்கி 150 ஹெர்ட்ஸ் வாக்கில் முடிகிறது. ஒலியைச் சிதைத்து வாசிக்கும்போது அது அழகாக இருந்தது. தெளிவான ஒலியில் நாண்களை மீட்டியபோது ஒலியின் கனம் போய்விட்டது. 2.2 மைக்ரோஃபாரட்டில் வேறுபாடு காதுக்கு எட்டவேயில்லை. 1 மைக்ரோஃபாரட்டில் இரண்டும் பொருந்தின: அடிக்கம்பிக்குக் கனம் இருக்கிறது, ஆனால் அது பேஸ் கிட்டாரின் மேல் ஏறி நிற்பதில்லை. ஜாலான் பாசார் கடைகளில் எளிதில் கிடைக்கும் பாலியெஸ்டர் மின்தேக்கியே இதற்குப் போதும். கேத்தோடில் நிற்பது 1.4 வோல்ட்தான் என்பதால் விலை உயர்ந்த உயரழுத்த வகை தேவையில்லை.

அடுத்தது மிட். ஃபெண்டர் பாணிச் சுற்றில், பிளேட்டிலிருந்து பேஸ், மிட் குமிழ்களின் பக்கம் போகும் 100 கிலோஓம் சரிவு மின்தடையும் 250 பிக்கோஃபாரட் டிரெபிள் மின்தேக்கியும் சேர்ந்து சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு பெரும் பள்ளத்தை உண்டாக்குகின்றன. வீட்டில் தனியே வாசிக்கும்போது இனிக்கும் அந்தப் பள்ளத்தில்தான், கீபோர்டும் பாட்டும் சேர்ந்தவுடன் கிட்டார் காணாமல் போகிறது. சரிவு மின்தடையை 56 கிலோஓமாகக் குறைத்தேன். பள்ளம் ஆழம் குறைந்தது, மிட் குமிழ் முதல்முறையாகத் திருப்பியதற்கேற்ப வேலை செய்தது. தொனிக் குமிழ்களைச் சேர்ந்தது என்பதால் இந்த மின்தடையை ஆபத்தில்லாதது என்று எண்ணிவிடக் கூடாது. அதன் ஒரு முனை நேரே பிளேட்டில் இருக்கிறது; 185 வோல்ட் அங்கே நிற்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும் வடிப்பு மின்தேக்கிகளை ஒரு மின்தடையின் வழியாக வடியவிட்டு, மீட்டரில் பூச்சியத்தைப் பார்த்த பிறகே பற்றவைப்புக் கோலை எடுக்கிறேன். டிரெபிள் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு கேட்டால் குமிழைக் குறை கூறுவதற்கு முன் அந்த 250 பிக்கோஃபாரட் மின்தேக்கி நேர்மின்னழுத்தத்தைக் கசியவிடுகிறதா என்று அளந்து பார்ப்பதும் நல்லது. ஈரக்காற்று நிறைந்த நம் ஊரில் பழைய மின்தேக்கிகளை நம்பிப் போடுவதற்கில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், மச்சானுடைய குழுவின் மிக்ஸரில் இணைத்தபோது ஒலி சன்னமாகவும் பலவீனமாகவும் வந்தது. வீட்டு ஆம்பில் அப்படி இல்லை. காரணம் கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் கட்டத்தின் வெளியீட்டு மின்மறுப்பு (ஒலிச் சமிக்ஞைக்கு அது காட்டும் தடை) 38 கிலோஓம் அளவில் இருக்கிறது. மிக்ஸரின் உள்ளீடோ 10 கிலோஓம். ஒலியின் அளவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைவதோடு, 0.022 மைக்ரோஃபாரட் வெளியீட்டு மின்தேக்கி 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றையும் தேய்த்துவிடுகிறது. தொனியை எத்தனை பொறுமையாகச் சீர்ப்படுத்தினாலும், அடுத்து இணைக்கும் கருவி அதைக் கெடுத்துவிட முடியும்.

சும்மா கிடந்த நான்காம் டிரையோடுக்கு இங்கே வேலை வந்தது. அதை, ஒலியைப் பெருக்காமல் வெளியீட்டு மின்மறுப்பை மட்டும் குறைக்கும் கேத்தோடு ஃபாலோயராக இணைத்தேன்: மூன்றாம் கட்டத்தின் பிளேட்டிலிருந்து நேரே கிரிட்டுக்கு ஒரு கம்பி, கேத்தோடுக்கு 100 கிலோஓம், வெளியீட்டுக்கு 2.2 மைக்ரோஃபாரட். இதில் கேத்தோடு 185 வோல்ட்டை ஒட்டி நிற்கும். ஆனால் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையே இந்த வால்வு தாங்கும் எல்லை 180 வோல்ட். ஆகையால் ஹீட்டர் சுற்றைத் தரையில் இணைக்காமல், உயரழுத்த வழங்கலிலிருந்து 220 கிலோஓம், 47 கிலோஓம் மின்தடைகளால் பிரித்தெடுத்த சுமார் 50 வோல்ட்டின் மேல் ஏற்றி வைத்தேன். எல்லை மீறும் கவலை நீங்கியது. எஞ்சியிருந்த 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் சேர்ந்தே குறைந்தது. நேரடியாக இணைத்த ஃபாலோயர் அழுத்தி மீட்டும்போது ஒலியின் உச்சியைச் சற்று மழுக்குகிறது. அந்த மென்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வெவ்வேறு தயாரிப்பாளர்களின் வால்வுகளையும் மாற்றிக் கேட்டேன். இரைச்சலிலும், தட்டினால் மணி போல் ஒலிக்கும் குணத்திலும் வித்தியாசம் இருந்தது. தொனியில் 1 மைக்ரோஃபாரட் செய்த மாற்றத்தில் ஒரு சிறு பங்கைக்கூட எந்த வால்வும் செய்யவில்லை. புது வால்வுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பை நிறைய மின்தேக்கிகள் வாங்கலாம்.

இப்போது டிரெபிளை மட்டும் முடிவு செய்யாமல் வைத்திருக்கிறேன். கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் தேக்கம் இருப்பதால், மேடையில் மச்சான் பயன்படுத்தும் நீளமான கேபிளை வாங்கி வந்து, அதை மாட்டிய பிறகே 250 பிக்கோஃபாரட்டை வைத்திருப்பதா, 330க்கு உயர்த்துவதா என்று கேட்டுப் பார்க்கப் போகிறேன்.