வெனிஸ்: 90 யூரோ கோண்டோலாவும் 2 யூரோ கோண்டோலாவும்

வெனிஸ் போய்ட்டு வந்த செலவுக் கணக்கு, ரூட்டு எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லியிருந்தேன், ஆனா மொதல்ல அந்த ஓட்டல்காரன திட்டிட்டு வந்துடறேன். சான் மார்கோ சதுக்கத்துக்குப் பக்கத்து சந்துல சாப்பிட உக்காந்தோம். ஆறிப்போன பாஸ்தா. பில்லுல 'கோப்பெர்த்தோ'ன்னு தலைக்கு ஒரு தொகை, அதாவது மேசையில உக்காந்ததுக்கு காசு, அதுக்கு மேல சர்வீஸ்னு தனியா வேற. கேட்டா மெனு கார்டுக்கு அடியில எறும்பு சைஸ்ல இருக்குறத காட்டுறான். வீட்டம்மா "யூரோவ ரூபாயா மாத்திப் பாக்காதீங்க"ன்னு சொல்லிட்டே இருந்தா, எப்படிப் பாக்காம இருக்குறது?

கடுப்புல அப்படியே வடக்கால நடந்தோம், கன்னரேஜியோ பக்கம். கொஞ்ச தூரத்துலயே கூட்டம் காணாம போச்சு, கொடியில துணி காயுது, பசங்க பந்து அடிக்குறாங்க. பழைய யூதர் குடியிருப்பு கெத்தோ இங்கதான் இருக்கு. 1516ல யூதர்கள இந்தத் துண்டு நிலத்துல அடைச்சு, ராத்திரியானா கேட்டப் பூட்டிருக்காங்க. ஜனம் பெருகப் பெருக இடமில்லாம மேல மேல கட்டி, சில வீடு 7 மாடி வரைக்கும் போயிருக்கு. ஜன்னல் வரிசையப் பாத்தா தெரியும், ஒவ்வொரு மாடியும் அவ்ளோ குட்டை. இந்த ஊரு அரண்மனைங்களவிட இதுதான் மனசுல நிக்குது.

சாப்பாட்டுக்கு வரேன். பாகரோன்னு சின்னச் சின்ன பார் இருக்கு, உள்ளூர்க்காரங்க நின்னுகிட்டே சாப்பிடுவாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள சிக்கெத்தின்னு குட்டித் தீனி அடுக்கி வெச்சிருக்கும், விரல நீட்டி கேட்டா போதும். அதுல 'சார்தே இன் சாவோர்' தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. மத்தி மீன பொரிச்சு, வதக்குன வெங்காயம், வினிகர், உலர்திராட்சை, பைன் கொட்டையெல்லாம் போட்டு ஊற வெக்கிறாங்க, அந்தக் காலத்துல கப்பல்ல போறவங்களுக்கு கெடாம இருக்கணும்னு செஞ்சது. நேத்து வெச்ச மீன் குழம்பு மாதிரி, ஊற ஊறத்தான் ருசி. நான் ரெண்டாவது தடவ வாங்கினேன், வெங்காயம் மட்டும் தனியா கிடைக்குமான்னு கேக்கவும் தோணுச்சு. சைவக்காரங்களுக்கு சீஸ், கத்தரிக்கான்னு ஏதாவது மாட்டும்.

கோண்டோலா, அதாவது துடுப்பு போடுற நீளப் படகு, சவாரி பகல்ல அரைமணி நேரத்துக்கு 90 யூரோ, ராத்திரி 110. வேணாம்பா. ஊருக்கு நடுவுல போற பெரிய கால்வாய் கிராண்ட் கனால் மேல மொத்தமே 4 பாலம்தான், அதனால அக்கரைக்குப் போக த்ராகெத்தோன்னு ஒரு படகு விடுறாங்க, அதுவும் கோண்டோலாதான், கொஞ்சம் பெருசு, அலங்காரம் கிடையாது, 2 யூரோ. சாந்தா சோஃபியா துறையில ஏறினோம், முன்னால ஒருத்தர் பின்னால ஒருத்தர் துடுப்பு போட, எங்க பக்கத்துல ஒரு பாட்டி காய்கறிப் பையோட எதையும் புடிக்காம ஜம்முனு நிக்குறாங்க, நான் மட்டும் பலகைய ரெண்டு கையால புடிச்சுக்கிட்டு. எறங்குனா நேரா ரியால்டோ மீன் மார்க்கெட். ஞாயிறு, திங்கள் லீவு, பாத்துப் போங்க.

வாப்பரெட்டோன்னு பஸ் மாதிரி ஓடுற படகுக்கு டிக்கெட் 75 நிமிஷத்துக்கு 9.50 யூரோ, கொள்ளை. ஊருக்குள்ள நடந்தே போகலாம். தங்குறதுக்கு மெஸ்த்ரே, வெனிஸ்லயே தண்ணிக்கு வெளிய நிலப்பக்கம் இருக்குற பகுதி, ரயில்ல பத்து நிமிஷம் சொச்சம். சில நாள்ல பகல்ல மட்டும் வந்து போறவங்ககிட்ட நுழைவுக் கட்டணம் வாங்குறாங்க, மெஸ்த்ரேல தங்குனா கிடையாது, ஆனா ஆன்லைன்ல பதிவு பண்ணி அந்த கியூஆர் கோட போன்ல வெச்சுக்கோங்க.