கல்யாண மண்டபத்தில் மாறிய செருப்பு

ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறிந்த 56 சிறுகதைகளில் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பது, 1892 ஜனவரியில் ஸ்ட்ராண்ட் இதழில் வெளிவந்த நீலக்கல் கதையைத்தான். வாத்தின் இரைப்பையிலிருந்து விலைமதிப்பற்ற கல் கிடைக்கும் கதை அது என்றாலும், எனக்குக் கல்லைவிடத் தொப்பியே பெரிது. தெருச் சண்டையில் ஒருவர் விட்டுவிட்டு ஓடிய பழைய தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் அறிவாளி, முன்பு வசதியாக இருந்து இப்போது நொடித்துப்போனவர் என்று ஹோம்ஸ் அடுக்கிக்கொண்டே போவார். வாரக்கணக்கில் தூசி தட்டப்படாததால் மனைவிக்கு அவர்மேல் அன்பு போய்விட்டது என்பதுதான் அதில் உச்சம். ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் கோனன் டாயிலுக்கு எடின்பரோவில் மருத்துவம் கற்பித்த ஜோசப் பெல்லும், நோயாளி வாய் திறக்கும் முன்பே அவருடைய தொழிலைச் சொல்லிவிடக்கூடியவராம். ஆகவே இது பழகினால் வரும் வித்தை என்று நான் நம்பியதை யாரும் குறை சொல்ல முடியாது.

சென்ற மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்கு அவசரமாகக் கிளம்பிப் போய் நள்ளிரவில் திரும்பிய நான், காலையில் வாசலில் கிடந்தது என் செருப்பு அல்ல என்பதைக் கண்டேன். வேறொருவராக இருந்தால் மண்டபத்துக்கு ஓடியிருப்பார். நானோ, ஏழாம் வகுப்பு படிக்கும் மகனிடம் பூதக்கண்ணாடியை இரவல் வாங்கி, அவனையே ஹோம்ஸின் தோழர் வாட்சனாகவும் நியமித்து, வாசற்படியில் உட்கார்ந்தேன். "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே அப்பா" என்றான். எல்லாம் தெரிகிறது, முடிவுக்கு வரத்தான் துணிவில்லை என்று ஹோம்ஸ் வாட்சனிடம் சொன்னதையே அவனிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

"வலது குதிகால் மட்டும் தேய்ந்திருப்பதால், இவர் காலை இழுத்து நடக்கும் சோம்பேறி. வார் அறுந்தும் புதிது வாங்காமல் தைத்துப் போட்டிருப்பதால் கஞ்சர். கறுப்பு வாரைப் பழுப்பு நூலால் தைத்திருப்பதைப் பார்த்தால், இவர் எந்தக் கோலத்தில் வெளியே போனாலும் கேட்பாரில்லை. ஆக, மனைவிக்கு இவர்மேல் அன்பு குறைந்து நெடுநாளாகிறது."

உள்ளே வெண்டைக்காய் நறுக்கும் சத்தம் நின்றது.

"அது உங்கள் பழைய செருப்பு" என்றார் என் மனைவி. "போன வாரம்தான் தெருமுனையில் தைத்து, பாலிஷும் போட்டு வாங்கி வந்தேன். நேற்று இருட்டில் அதை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். புதியது அலமாரிக்கு அடியில் இருக்கிறது. தைப்பவரிடம் கறுப்பு நூல் இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்."

கதையில் தொப்பிக்காரர் பிற்பாடு நேரில் வந்து, ஹோம்ஸ் வர்ணித்தபடியே நிற்பார். அந்த இடத்தைப் படிக்கும்போது வரும் நிறைவுக்காகவே இக்கதைகளை எத்தனை முறையும் படிக்கலாம் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். வாட்சன் குறிப்பேட்டை ஒருமுறை பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்படியானால் நீங்கள் சொன்னது எல்லாமே சரிதானே அப்பா?"

"கடைசியாகச் சொன்னதை மட்டும் அடித்துவிடு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "இப்போதைக்கு."